சிற்பியும் மருத்துவரும்

பிரிக்ஃபீல்ட்ஸ் நடன வகுப்புகளிலும் கிள்ளான் தமிழ்ப்பள்ளிகளின் பேச்சுப்போட்டி மேடைகளிலும் சுதா சந்திரன் என்னும் பெயர் புதியதன்று. 1981ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளி அருகே நேர்ந்த பேருந்து விபத்தினால் ஒரு காலை இழந்த அந்நடனமணி, செயற்கைக் காலுடன் 1984இல் மீண்டும் மேடையேறினார். மறு ஆண்டு வெளிவந்த 'மயூரி' என்னும் தெலுங்குத் திரைப்படத்தில் தம் கதையில் தாமே நடித்தார். மாணவர் இதனைத் தன்னம்பிக்கைக்குச் சான்றாக எடுத்துரைப்பர். குறையில்லை. எனினும், அவரைத் தாங்கிய கால் அப்பேச்சுகளில் ஒரே வரியில் கடந்து போகிறது. அதனை ஒரு கலைப்படைப்பாகக் கொண்டு ஆராய்ந்தவர் மிகச் சிலரே.

'ஜெய்ப்பூர்க் கால்' எனப்படும் அது, 1968ஆம் ஆண்டளவில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் உருவாயிற்று. எலும்பு அறுவை மருத்துவர் பிரமோத் கரண் சேத்தியின் பெயர் உலகறிந்தது. அவருடன் உழைத்த ராம் சந்திர சர்மாவோ, கைவினைக் குடும்பத்திற் பிறந்த சிற்பி. நான்காம் வகுப்புக்கு மேல் பள்ளி காணாதவர். மருத்துவமனைக்கு நோயாளிகளுக்குக் கைத்தொழில் கற்பிக்க வந்தவர்.

அங்கே அவர் கண்டது யாது? மேனாட்டு முறையில் செய்த கால்களைப் பெற்றுச் சென்றோர் பலர், அவற்றைத் துறந்து மீண்டும் ஊன்றுகோலை நாடினர். அக்கால்கள் நாற்காலியில் அமர்ந்து, சப்பாத்து அணிந்து வாழ்வோருக்கென அமைந்தவை. கணுக்கால் மடங்காது. குந்தியிருக்கவோ, சம்மணமிடவோ, வெறுங்காலுடன் கோயிலுக்குள் செல்லவோ, சேற்று வயலில் இறங்கவோ அவை இடந்தரவில்லை. அளவிற் பிழையில்லாத கால், வாழ்க்கைக்குப் பொருந்தாத காலாயிற்று. யாப்புப் பிழையின்றி எழுதப்பட்டும் உயிரற்றுப் போகும் செய்யுள்களைத் தமிழாசிரியர் அறிவரன்றோ!

மருத்துவர் எலும்பின் அமைப்பையும் மூட்டின் அசைவையும் விளக்கினார். சிற்பி வடிவத்தையும் பொருளையும் தேடினார். மிதிவண்டிச் சக்கரம் காற்றிழந்த ஒருநாள், லாரி டயர்களுக்குப் புது ரப்பர் பதிக்கும் கடையில் அவர் விடை கண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நுண்துளை ரப்பர், கணுக்காலுக்கு மரம், இவற்றைப் பிணைக்க டயர் நூல், மேலே தோல் நிற ரப்பர்; அனைத்தையும் அச்சிலிட்டு வேகவைத்தால் விரல்கள் தெரியும் பாதமொன்று வெளிவரும். சப்பாத்துக்குள் மறைய வேண்டாத பாதம்! அது வெயிலிலும் நீரிலும் நடக்கும். எல்லாப் பக்கமும் வளையும். ஆடலுக்கென்று செய்யப்படாத அக்கால் ஆடலையும் தாங்கியது இதனாலேயே.

இதனைக் 'கைவினை' எனத் தாழ்த்தியும் 'கலை' என்பதைக் காட்சிக்கூடத்திற்கு ஒதுக்கியும் பேசுவது பொருந்தாது. இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் மாதவியை மேடையேற்றுமுன், ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவர் தகுதியையும் வகுத்துரைக்கிறார். அரங்கின் அளவைக்கூட விடவில்லை. அடிகள் காட்டிய அந்நேர்மை இன்றைய பேச்சுப்போட்டிக் கட்டுரைகளில் இல்லை.

1981ஆம் ஆண்டின் மகசேசே விருது சேத்திக்கு வழங்கப்பட்டது. அவர் அதற்கு முற்றும் உரியவரே. படிப்பறிவு குறைந்த ஒருவரின் கையறிவைத் தம் கல்விக்கு நிகராக மதித்தமை அவர்தம் பெருமை. ஆயினும் அவ்விருதில் சிற்பிக்குப் பங்கில்லை. நான்காம் வகுப்போடு நின்ற ஒருவரைக் கலைஞர் என எழுதப் பேனா தயங்குவது ஏன்? தேர்வில் தோற்றுக் கைத்தொழில் பயிலச் செல்லும் மாணவனைப் பார்க்கும் பார்வைதான் இங்கும் குறுக்கிடுகிறது.

ஜெய்ப்பூரில் இன்றும் அப்பாதத்தின் ரப்பரை ஏடு ஏடாக அடுக்கி அச்சில் இடுவன மனிதர் கைகளே.