நிழல் தெற்கே விழும் நாள்

எங்களுடையது வடக்குப் பார்த்த வீடு. மார்கழியில் அதன் திண்ணை நாள் முழுக்கக் குளிர்ந்து கிடக்கும். வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. பங்குனி கழிந்ததும் காலை வெயில் தூணின் ஓரத்தில் ஒரு கோடாக வந்து விழும். அந்தக் கோடு நாளுக்கு நாள் அகலமாகும். ஆனி பிறந்துவிட்டால் சாயங்காலம் நாலு மணிக்குத் திண்ணையில் உட்கார முடியாது. "சூரியன் வடக்கே போயிட்டான்" என்று சொல்லி, ஆய்ந்துகொண்டிருந்த கீரையை முறத்தோடு எடுத்துக்கொண்டு பாட்டி உள்ளே போய்விடுவார். ஜூன் 21-ஐக் கொண்டாடுவது எப்படி என்று யாராவது கேட்டால், பாட்டியின் அந்த ஒற்றை வாக்கியத்திலிருந்துதான் நான் தொடங்குவேன்.

சூரியன் தன் வடக்குப் பயணத்தின் எல்லையைத் தொட்டுத் திரும்பும் நாள் அது. தமிழில் கதிர்த்திருப்பம் என்கிறோம். வட நாடுகளில் அதையொட்டிப் பகல் நீளத்துக்காகத் திருவிழா எடுக்கிறார்கள். ஸ்டாக்ஹோமில் பகல் 18½ மணி நேரத்தைத் தாண்டும். இலையும் பூவும் சுற்றிய கம்பத்தை நட்டு, அதைச் சுற்றி ஆடி, புது உருளைக்கிழங்கு சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ஆறேழு மாத இருட்டைக் கடந்து வந்தவர்களுக்கு அந்த மகிழ்ச்சி பொருத்தமானது. நமக்குச் சென்னையில் அன்று 12 மணி 54 நிமிடப் பகல், கன்னியாகுமரியில் 12 மணி 35 நிமிடம். வெயிலின் உச்சமும் கத்திரியோடு மே மாதத்திலேயே போய்விடுகிறது. ஆகவே நீளத்தைக் கொண்டாட நம்மிடம் பெரிதாக எதுவும் இல்லை.

நமக்கு வாய்த்தது வேறு. சென்னை 13 பாகை வடக்கில் இருக்கிறது. சூரியனோ அன்று ஏறத்தாழ 23½ பாகை வடக்கு வரை போகிறது. அதாவது நம் தலைக்கு மேலாகக் கடந்து, நமக்கு வடக்கே போய் நிற்கிறது. நண்பகலில் உங்கள் நிழல் தெற்கே விழுகிறது. கடக ரேகைக்கு வடக்கே இருக்கும் டெல்லிவாசிகள் இதைத் தங்கள் ஊரில் ஒருநாளும் பார்க்க முடியாது. அவர்களுடைய நண்பகல் நிழல் ஆண்டு முழுக்க வடக்கேதான். ஸ்டாக்ஹோமுக்கும் அப்படியே.

பார்ப்பதற்கு ஒரு குச்சி போதும். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கம்பை மொட்டைமாடியில் மண் நிரப்பிய தொட்டியில் நடுங்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டு கிடைத்தால் அதைப் பிடித்துச் செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நூலில் ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிடலாம். தரையிலிருந்து நுனி வரை ஒரு மீட்டர் இருக்க வேண்டும், தொட்டி நிழலை மறைக்கக் கூடாது. பதினொன்றரை மணிக்குத் தொடங்கி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். செருப்பும் தொப்பியும் அவசியம். சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம். பார்க்க வேண்டியதெல்லாம் தரையில்தான் இருக்கிறது.

நிழல் மிகக் குட்டையாகும் நேரம் கடிகாரத்தின் பன்னிரண்டு மணி இல்லை. சென்னையில் 12:11, மதுரையில் 12:19, கோவையில் 12:24. நம் கடிகாரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, நம் ஊர்கள் அதற்கு மேற்கே இருக்கின்றன, அதனால் இந்தத் தாமதம். அந்தக் கணத்தில் ஒரு மீட்டர் கம்பின் நிழல் சென்னையில் 18 சென்டிமீட்டர், மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் சுமார் 24, கன்னியாகுமரியில் 27. எல்லா இடத்திலும் தெற்கு நோக்கி. கம்பின் அடியிலிருந்து அந்தக் குட்டை நிழலின் வழியே கோடு இழுத்தால் அது துல்லியமான வடக்கு-தெற்கு. இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. பாண்டியன் அரண்மனைக்கு மனை வகுத்ததைச் சொல்லும்போது, கோல் நட்டு நண்பகல் நிழல் பார்த்து, நூல் தெரிந்தவர்கள் கயிறு பிடித்துத் திசை குறித்ததை நெடுநல்வாடையில் நக்கீரர் பாடியிருக்கிறார்.

நாள் முழுவதும் புள்ளி வைக்கும் பொறுமை இருந்தால் இன்னும் அழகான ஒன்று கிடைக்கும். புள்ளிகளைச் சேர்த்துப் பாருங்கள்: கம்புக்குத் தெற்கே ஒரு வில், இரு முனைகளும் மேலும் தெற்கே வளைந்திருக்கும். உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை சூரியன் வானத்தின் தென்பாதியில் கால் வைக்கவே இல்லை என்பதற்கு அந்த வில்தான் சாட்சி.

குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் கன்னியாகுமரியில் ஒரு சொந்தக்காரரைப் பிடியுங்கள். அவரும் அன்று கம்பு நடட்டும். இரண்டு நிழலையும் போனில் பரிமாறி, பத்தாம் வகுப்பு முக்கோணவியலைக் கொண்டு கோணமாக்கினால் சென்னைக்கு 10.4 பாகை, கன்னியாகுமரிக்கு 15.4. வித்தியாசம் 5 பாகை, வட்டத்தில் 72-இல் ஒரு பங்கு. வரைபடத்தில் இரு ஊர்களுக்கும் இடையே வடக்கு-தெற்காக மட்டும் அளந்தால் சுமார் 555 கிலோமீட்டர். அதை 72-ஆல் பெருக்கச் சொல்லுங்கள். பூமியின் சுற்றளவான 40,000 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். 2,200 ஆண்டுகளுக்கு முன் எரடோஸ்தனீஸ் இதே கதிர்த்திருப்ப நாளில், எகிப்தின் சியீன், அலெக்சாந்திரியா என்ற இரு ஊர்களை வைத்துச் செய்த கணக்கு இது. ஒரு பிள்ளை தன் கையால் பூமியை அளந்துவிட்டு நிமிரும்போது முகத்தில் தெரிவதைவிடப் பெரிய கொண்டாட்டம் எனக்குத் தெரியாது.

மேகம் வந்தால்? தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். கோவையிலும் நாகர்கோவிலிலும் வானம் மூடியே கிடக்கலாம். கவலை வேண்டாம். திரும்பும் இடத்தில் சூரியன் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஜூன் 11-லிருந்து ஜூலை 1 வரை எந்த நாளில் அளந்தாலும் சென்னை நிழல் ஒரு சென்டிமீட்டர்கூட மாறாது. மார்ச் மாதத்திலோ பத்தே நாளில் ஏழு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும்.

கடற்கரை பக்கத்தில் இருப்பவர்கள் விடியலையும் விடக் கூடாது. சென்னையில் அன்று உதயம் 5:43 வாக்கில். கிழக்கே நேராகப் பார்த்து நின்றால் சூரியன் உங்கள் இடப்பக்கம், 24 பாகை தள்ளி எழும். டிசம்பரில் அதே அளவு வலப்பக்கம். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. ஆக, இரண்டு உதயங்களுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஐந்து முஷ்டி. அவ்வளவு தூரம் அலைகிற ஒன்றை "கிழக்கே உதிக்கும்" என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

தெருவிலும் சூரியனின் இந்த அலைச்சல் எழுதியிருக்கிறது. கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் பூக்காரம்மா கூடையோடு எந்த ஓரம் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். ஆனி மதியத்தில் வடசரகு வீடுகள்தான், அதாவது வடக்கு வரிசை வீடுகள்தான், தெருவுக்கு நிழல் தரும். பத்தடிச் சுவருக்கு இரண்டடிக்கும் குறைவான நிழல், ஒரு கூடை வைக்கப் போதுமானது. மார்கழியில் தென்சரகு வீடுகளின் நிழல் தெருவில் நீண்டு கிடக்கும்.

பஞ்சாங்கம் பார்க்கும் வீடுகளில் ஒரு கேள்வி வரும்: தட்சிணாயனம் ஆடி முதல் தேதிதானே, இதென்ன ஆனி ஏழில் திரும்புகிறது? சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பூமியின் அச்சு பம்பரம்போல மெல்லத் தலைசுற்றுவதால், நட்சத்திரங்களை வைத்துக் கணிக்கும் மாதங்களும் சூரியன் திரும்பும் நாளும் 72 ஆண்டுக்கு ஒரு பாகை என்று விலகி வந்திருக்கின்றன. இன்று விலகல் 24 பாகை, ஏறத்தாழ 25 நாள். அயனாம்சம் என்று நம் கணிதர்கள் அதற்குப் பெயர் வைத்துக் கணக்கில் சேர்த்தும் வருகிறார்கள். இந்த விலகலைப் பிழை என்று நான் கருதவில்லை. ஆடிப் பிறப்புக்குத் தேங்காய் சுடுபவர்கள் 1,700 ஆண்டு பழைய வானத்தை மறவாமல் வைத்திருக்கிறார்கள். கோயிலிலும் அயனக் கணக்கு உண்டு: சிதம்பரத்தில் நடராஜருக்கு ஆண்டில் ஆறு அபிஷேகம். அவற்றில் ஒன்றான ஆனித் திருமஞ்சனம், உத்தராயணம் தேவர்களின் பகல் என்ற கணக்கில், அவர்களுடைய சாயரட்சை வேளை. ஆனி மாலையில் வெளிச்சத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கணக்கு நினைவுக்கு வரும்.

மாலைக்கு இசை வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. 1982-இல் பிரான்சில் தொடங்கிய இசைத் திருவிழா இதே ஜூன் 21-ஐத் தேர்ந்தெடுத்தது. புதுச்சேரித் தெருக்களிலும் அதைக் கொண்டாடுவார்கள்.

மொட்டைமாடியை விட்டு இறங்குமுன் ஒரு வேலை. சாக்பீஸ் புள்ளியை மழை கழுவிவிடும். அந்தப் பதினெட்டாவது சென்டிமீட்டரில் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்து, கம்பு நின்ற இடத்தையும் குறித்து வையுங்கள். நிழல் இனி அந்தப் பொட்டிலிருந்து மெல்ல வடக்கே கிளம்பும். ஆகஸ்ட் 18 வாக்கில் சென்னையில் கம்பின் காலடியிலேயே ஒடுங்கிக் காணாமல் போகும். அது நிழலில்லா நாள். பிறகு மறுபக்கம் நீளும். டிசம்பர் 21 அன்று அதே கம்பை அதே இடத்தில் நட்டு, நண்பகலில் கம்புக்கு வடக்கே 74 சென்டிமீட்டரில் இரண்டாவது பொட்டை வையுங்கள்.