பிரதிக் காப்பும் விலை கொடுத்தோனும்

தான் ஆக்கிய பொருளைக் களவு போகாமற் காத்தல் ஆக்கியோனின் உரிமை, அதில் ஐயமில்லை. ஆயின், அக்காவல் எவனை நோக்கி நிறுத்தப்படுகின்றது என்பது வேறொரு வினா. கணினி விளையாட்டுக்களை விற்கும் நிறுவனங்கள் நாற்பதாண்டுகளுக்கு மேலாக இயற்றிவரும் பிரதிக் காப்பு முறைகளை ஆராய்வோர், அவற்றுட் பெரும்பாலானவை விலை கொடுத்தவனையே வாயிலில் மறித்து வினவுவதைக் காண்பர். இக்குறை தற்செயலாக நேர்ந்தது எனல் பொருந்தாது. காப்பின் அமைப்பிலேயே அது உண்டு. பூட்டை உடைக்கும் வேலையை ஒருவன் ஒருமுறை செய்தாற் போதும். உடைத்த பிரதியைப் பெறுவோர் பின்னர் அப்பூட்டைக் காண்பதேயில்லை. விலை கொடுத்தவனோ, விளையாட முற்படும் வேளையெல்லாம் அதன் முன் நின்று தன் நேர்மையை மெய்ப்பிக்க வேண்டியவனாகின்றான்.

இதன் தொடக்ககாலச் செய்திகள் சில நகைப்பிற்கிடமானவை. 1985 இற் பிரித்தானியாவில் ஸ்பெக்ரம் கணினிக்கென வெளிவந்த ‘எலீற்’ என்னும் விளையாட்டோடு, லென்ஸ்லொக் என்ற சிறு வில்லையொன்றும் வழங்கப்பட்டது. திரையிற் சிதைந்து தோன்றும் இரண்டு எழுத்துக்களை அவ்வில்லையினூடாகப் பார்த்து அறிந்து தட்டச்சிட்டாலன்றி விளையாட்டுத் தொடங்காது. தொலைக்காட்சித் திரை மிகப் பெரிதாயினும் மிகச் சிறிதாயினும் எழுத்துத் தெளியாது. போதாக்குறைக்கு, விளையாட்டுக்கு விளையாட்டு வில்லை வேறாதலின், எலீற் பெட்டிகள் சிலவற்றுள் தவறான வில்லை இடப்பட்டுவிட்டது! கடற்கொள்ளையரைப் பற்றிய ‘மங்கி ஐலண்டின் இரகசியம்’ (1990) ஒரு சுழல்தட்டோடு வந்தது. கொள்ளையரின் பாதி முகங்களை இணைத்து விடை காண வேண்டும். இதில் ஓரளவு சுவை இருந்தது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. தட்டைத் தொலைத்தவன் விளையாட்டையும் தொலைத்தவனானான் என்பதும் உண்மையே.

இணையம் பரவிய பின்னர் நகைப்பு மறைந்தது. 2008 இல் இலெக்ற்றோனிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்போர்’ மூன்று கணினிகளுக்கு மேல் நிறுவப்படலாகாது என விதிக்கப்பட்டது. வாங்கியோர் சினந்து, அமேசன் விற்பனைத் தளத்தில் ஆயிரக்கணக்கில் மிகத் தாழ்ந்த மதிப்பீட்டை இட, மூன்று ஐந்தாயிற்று. அதன் களவுப் பிரதியோ அமெரிக்காவில் விற்பனை தொடங்குமுன்னரே பரவிவிட்டிருந்தது. அதே ஆண்டில் நிகழ்ந்த மற்றொன்று இன்னும் நோக்கற்பாலது. யூபிசொவ்ற் நிறுவனத்தின் ‘றெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2’ என்னும் விளையாட்டை இணையவழி வாங்கியோர், நிறுவனம் வெளியிட்ட திருத்தமொன்றை இட்ட பின், தம்மிடம் என்றுமே இல்லாத இறுவட்டைச் செலுத்துமாறு கேட்கப்பட்டனர். அக்குறையைத் தீர்க்க நிறுவனம் வழங்கிய கோப்பைத் திறந்து பார்த்தோர், அதனுள் பூட்டுடைப்போர் குழுவொன்றின் முத்திரை கிடக்கக் கண்டனர். கள்வன் செய்த திறப்பைக் காவலனே எடுத்து உரியவனிடம் கொடுத்தான். இதனினும் கூரிய விமரிசனத்தை எவரும் எழுதிவிட முடியாது.

எனினும் அந்நிறுவனம் அடுத்து நாடியது மேலும் இறுகிய பூட்டையே. 2010 மார்ச்சில் வந்த ‘அசாசின்ஸ் கிறீட் 2’ தனியொருவன் ஆடும் கதை விளையாட்டு. அதற்கு இணையம் வேண்டிய இடம் யாதுமில்லை. இருந்தும், ஆடுவோன் நிறுவனத்தின் சேவையகத்தோடு இடையறாது தொடர்புற்றிருத்தல் வேண்டும் என்றும், தொடர்பு அறின் விளையாட்டு நின்றுவிடும் என்றும் விதிக்கப்பட்டது. மார்ச் 7 ஆம் நாள் அச்சேவையகம் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. ஆடுவோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குப் பாதிப்பில்லை என நிறுவனம் கூறியது. எஞ்சிய ஐவர் யாவர்? சேவையகத்தை நாடவேண்டிய கட்டாயம் விலை கொடுத்தவனுக்கே உண்டாகலின், அன்று வாயிலில் நின்றோர் அனைவரும் பற்றுச்சீட்டு உடையோரே. இவ்விதி பின்னர் கைவிடப்பட்டது.

ஆக்குவோரின் இழப்பு வெறுங் கற்பனை என்று இதனாற் கொள்ளுதல் தவறாகும். 2013 இல் இரு சகோதரர் ஆக்கிய ‘கேம் டெவ் ரைக்கூன்’ வெளிவந்த முதல் நாளில் அதனை விலைக்குப் பெற்றோர் 214 பேர்; களவாக ஆடியோர் 3,104 பேர். களவுப் பிரதியை வேண்டுமென்றே பரப்பியவர்கள் அச்சகோதரரே. அப்பிரதியில் ஆடுவோன் நடத்தும் கற்பனை நிறுவனம், களவுப் பிரதிகளால் நொடித்துப் போகுமாறு அமைத்திருந்தனர். களவாக ஆடியோருட் சிலர் இக்கொடுமையைத் தடுக்க வழியில்லையா என்று முறையிட்டனராம்! ஆயினும் இழப்பைக் கண்கூடாகக் கண்ட அவ்விருவரும், விற்ற பிரதிக்குப் பூட்டு இடவில்லை.

பெருநிறுவனங்கள் 2014 முதல் கையாண்டுவரும் டெனுவோ என்னும் காப்பைப் பற்றி 2024 இல் வெளிவந்த ஆய்வொன்று, காப்பு முதல் வாரத்திலேயே உடையுமாயின் வருவாயில் ஏறத்தாழ நூற்றுக்கு இருபது குறையும் என்றும், பன்னிரண்டு வாரம் நிலைத்த பின் உடைந்தால் இழப்பு இல்லையென்றே சொல்லலாம் என்றும் கணித்தது. நிறுவனத்தார் இதனைத் தமக்குச் சான்றாகக் காட்டுவர், முதற்பகுதி சான்றேயாம். ஆயின், மூன்று மாதத்தின் பின் பயன் தீர்ந்த பூட்டு வாங்கியவன் கணினியில் ஆண்டுக்கணக்காக ஏன் தொங்க வேண்டும் என்பதற்கு அவ்வாய்வில் விடையில்லை. 2016 இல் ‘டூம்’ விளையாட்டு, வெளிவந்த ஆண்டிலேயே இக்காப்பினின்றும் விடுவிக்கப்பட்டது. அவ்வாறு செய்யாதோர்க்கு நேர்ந்ததற்கு 2021 இல் வந்த ‘றெசிடென்ற் ஈவில் வில்லேச்’ சான்று: பூட்டுடைத்த பிரதி தங்குதடையின்றி ஓட, விலைக்கு வாங்கிய பிரதி இடையிடையே தடுமாறியது. கப்கொம் நிறுவனம் பின்னரே திருத்தம் வெளியிட்டது.

போலந்து நாட்டுச் சி.டி. புறொஜெக்ற் வேறு வழி கண்டது. சந்தையிற் களவு இறுவட்டுக்கள் மலிந்திருந்த அந்நாட்டில், 1999 இல் ‘பால்டர்ஸ் கேற்’ விளையாட்டைப் போலிய மொழியிற் பேசவைத்து, நிலப்படமும் நூலும் பெட்டியுள் இட்டு விற்றது. களவுப் பிரதியிற் கிட்டாததைக் கொடுத்தல் என்பதே அதன் உபாயம். 2011 இல் ‘விச்சர் 2’ பூட்டில்லாமலும் விற்பனைக்கு வந்தது. களவாகப் பரவியது அப்பிரதியன்று, கடைகளில் விற்ற பூட்டிய பிரதியை உடைத்ததே என நிறுவனத்தலைவர் பின்னர் கூறினார். பூட்டுடைப்போர்க்கு அதுவே பெருமை போலும். அந்நிறுவனமும் மாசற்றதன்று, களவாக ஆடினர் என ஐயுற்றோர்க்கு யேர்மனியில் வழக்கறிஞர் கடிதம் அனுப்பி, எதிர்ப்பெழவே 2012 சனவரியில் நிறுத்திக்கொண்டது.

காலஞ் செல்லச் செல்ல இப்பூட்டுக்களின் தீமை பெருகுகின்றது. 2015 இல் வந்த விண்டோஸ் 10, சேவ்டிஸ்க் முதலிய பழைய காப்புக்களைப் பாதுகாப்புக் கருதி ஏற்க மறுத்தமையால், முறைப்படி வாங்கிப் பேணிய இறுவட்டுக்கள் பல இயங்காதொழிந்தன. பூட்டு நீக்கிய பிரதிகளுக்கு இத்தடை இல்லை. யூபிசொவ்ற் 2014 இல் விற்ற ‘த குறூ’ என்னும் காரோட்ட விளையாட்டின் முடிவு இன்னும் கடுமையானது. தனியே ஓட்டுவோனுக்கும் சேவையகம் இன்றியமையாததாக ஆக்கப்பட்டிருந்த அவ்விளையாட்டு, 2024 மார்ச் 31 இற் சேவையகம் நிறுத்தப்பட்டதும் எவராலும் ஆடவியலாததாயிற்று. அடுத்த மாதம் வாங்கியோரின் உரிமமும் மீட்கப்பட்டது. ‘வாங்குக’ என்ற சொல்லால் உண்மையில் விற்கப்பட்டது யாது என்னும் வினா அப்பொழுதே பரவலாக எழுந்தது. உரிமத்தை மட்டும் விற்போர் அதனைத் தெளிவாகக் கூறாது அச்சொல்லை ஆளலாகாது எனக் கலிபோர்னியா 2024 இற் சட்டமியற்றியது. விற்ற விளையாட்டை ஆடத்தக்க நிலையில் விட்டுச் செல்லுமாறு ஐரோப்பிய ஒன்றியத்தை வேண்டிய விண்ணப்பம், 2025 யூலையிற் பத்து இலட்சம் கையொப்பங்களைத் தாண்டியது.

திறப்பைக் கொடுத்துச் செல்லுதல் இயலாத காரியமன்று. 2024 செப்ரெம்பரில் யூபிசொவ்ற் தானே, அவ்வரிசையிற் பின்வந்த இரு விளையாட்டுக்களையும் இணையமின்றி ஆட வழி செய்வதாக அறிவித்தது. முதலாவதை வாங்கியோர்க்கு அது கிட்டவில்லை. அவர்களுக்கு 2025 இல் வழி திறந்தவர்கள், மாற்றுச் சேவையகமொன்றைத் தாமே இயற்றிய ஆர்வலர்கள்.