ஆயிரத்தில் ஒருவர்

ஒரு சின்னக் கணக்கு. ஆயிரம் பேரில் ஒருவருக்கு வரும் வியாதி. அதற்கொரு டெஸ்ட். வியாதி இருந்தால் தவறாமல் காட்டும். இல்லாதவர்களிலும் 5 சதவீதம் பேருக்கு 'பாசிட்டிவ்' என்று சொல்லித் தொலைக்கும். அறிகுறி எதுவும் இல்லாத உங்களுக்கு பாசிட்டிவ் வந்துவிட்டது. நிஜமாகவே வியாதி இருக்க என்ன வாய்ப்பு?

'95 சதவீதம்' என்றீர்களா? வெட்கப்படாதீர்கள். ஹார்வர்ட் மெடிக்கல் ஸ்கூலின் மாணவர்கள், டாக்டர்கள் 60 பேரைக் கேட்டு 1978-ல் வெளியிட்டார்கள். நிறையப் பேர் சொன்ன விடை அதுதான். சரியான விடை, சுமார் 2 சதவீதம். சொன்னவர்கள் 11 பேர். 2014-ல் வெளியான ஆய்வில் பாஸ்டன் பக்கம் 61 பேரைத் திரும்பக் கேட்டபோது 14 பேர். முப்பத்தாறு வருஷத்தில் மூன்று பேர் முன்னேற்றம்!

கெர்ட் கிகெரென்ஸர் என்ற ஜெர்மன் உளவியலாளர் 'கால்குலேட்டட் ரிஸ்க்ஸ்' (2002) புத்தகத்தில் டாக்டர்களைவிட சதவீதத்தைத்தான் அதிகம் குறை சொல்கிறார். தலைகளை எண்ணுங்கள் என்கிறார். எண்ணலாம். ஆயிரம் பேரில் வியாதிக்காரர் ஒருவர், பாசிட்டிவ். மிச்சம் 999 பேரில் சுமார் 50 பேருக்கு வெட்டியாக பாசிட்டிவ். ஆக, 51 பேரில் ஒருவர். முடிந்தது. பேயஸ் பாதிரியாரின் ஃபார்முலாவை (அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து 1763-ல் அச்சேறியது) உருப்போட வேண்டாம். நல்ல புத்தகம், வாசியுங்கள்.

ஆனால், எனக்கொரு மனக்குறை. 'ஆயிரத்தில் ஒருவர்' என்பதைக் கேள்வியிலேயே கொடுத்துவிடுகிறார்கள். வார்டில் யார் கொடுப்பார்கள்? மாடி ஏறினால் நெஞ்சை அடைக்கும் அறுபது வயது சிகரெட் ஆசாமியும், ஹெல்த் செக்கப் பேக்கேஜில் ட்ரெட்மில் ஏறிய இருபத்தெட்டு வயசுப் பெண்ணும் ஒரே மாதிரி ஈ.சி.ஜி.யுடன் வந்தால் அர்த்தம் ஒன்றா? வயது, பால், வலியின் தன்மையை வைத்து இந்த முதல் எண்ணைச் சொல்ல, டயமண்ட், ஃபாரஸ்டர் என்ற இருவர் 1979-லேயே அட்டவணை போட்டார்கள். இன்றைய நோயாளிகளுக்கு அது வாய்ப்பைக் கூட்டிச் சொல்கிறது என்று தெரிந்து, பிற்பாடு திருத்தினார்கள்.

இந்த எண் லேபிலிருந்து வராது. 'எத்தனை நாளா வலிக்குது? நடந்தா வருதா, படுத்தாலா?' என்று கேட்டால்தான் வரும். டெஸ்ட் எழுதுவதற்கு முன்னால் மாணவனை ஒரு நம்பர் சொல்லவையுங்கள். தப்பாகவே சொல்லட்டும், ரிசல்ட் வந்ததும் திருத்திக்கொள்வான். சொல்லாமலே எழுதிப் பழகினால், அந்த இருபத்தெட்டு வயசுப் பெண் ஆஞ்சியோகிராம் மேஜையில், மணிக்கட்டில் குழாயுடன், 'எனக்கு என்ன ஆச்சு டாக்டர்?' என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.