முரணும் ஒரு தொடை

நிறவெறி பற்றிய அமெரிக்கக் கவிதை ஒன்றை யாராவது தமிழில் அறிமுகம் செய்தால் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: கறுப்புக்கும் வெள்ளைக்குமான முரணைக் கவிஞர் கூர்மையான படிமங்களால் காட்டுகிறார். சரி, காட்டுகிறார். அப்புறம்? பெரும்பாலும் பத்தி அதோடு முடிஞ்சிடும். இருட்டு என்றால் துயரம், வெளிச்சம் என்றால் விடுதலை, வெள்ளை என்றால் அடக்குமுறை என்று ஒரு அட்டவணையை மனசுக்குள் போட்டுக்கொண்டு, கவிதையில் வரும் ஒவ்வொரு நிறத்தையும் அதில் பொருத்திப் பார்க்கிற வாசிப்பு இது. நல்ல கவிதைகள் இந்த அட்டவணையில் உட்காருவதில்லை. இனத்தைக் குடும்பத்துக்குள் வைத்துப் பேசுகிற கவிதைகள் சுத்தமாக உட்காராது. ஏனென்றால் எதிரெதிரே நிற்க வேண்டிய இரண்டும் அங்கே ஒரே மேஜையில் சாப்பிடுகின்றன. சில சமயம் ஒரே உடம்பில் இருக்கின்றன.

நம் யாப்பிலக்கணத்தில் முரண் எங்கே வருகிறது என்று பாருங்கள். மோனை, எதுகை, இயைபு, அளபெடையோடு சேர்த்து அதையும் ஒரு தொடை என்கிறார்கள். தொடை என்றால் தொடுப்பது, பூ தொடுக்கிற மாதிரி. ஓர் அடியில் ஒரு சொல், அடுத்த அடியில் அதற்கு எதிர்ச்சொல், அந்த எதிர்ப்பே இரண்டு அடிகளையும் கட்டிப்போடும் நார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்துபோன விஷயம்தான் இது. முரண் பிரிக்கிறது என்பது நம் பழக்கம். முரண் தொடுக்கிறது என்பது நம் இலக்கணம். நடாஷா ட்ரெத்தவேயின் கவிதைகளைப் படிக்க இந்த இலக்கணம் நமக்கு எதிர்பாராத வசதியைத் தருகிறது.

ட்ரெத்தவே 1966-ல் மிஸிஸிப்பி மாநிலத்தின் கல்ஃப்போர்ட்டில் பிறந்தவர். அம்மா க்வெண்டலின் கறுப்பினத்தவர். அப்பா எரிக் ட்ரெத்தவே வெள்ளையர், கனடாக்காரர், அவரும் ஒரு கவிஞர். இருவரும் 1965-ல் கல்யாணம் செய்துகொள்ள ஒஹையோவுக்குப் போக வேண்டியிருந்தது, மிஸிஸிப்பியில் அது குற்றம் என்பதால். இப்படிப்பட்ட சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் லவிங் வழக்கில் சொன்னது 1967-ல். அதாவது இந்தக் குழந்தை பிறந்தபோது அதன் பெற்றோரின் திருமணம் சொந்த மாநிலத்தில் செல்லாத ஒன்று. பெற்றோர் பிறகு பிரிந்தார்கள். 1985-ல், அம்மாவிடமிருந்து விவாகரத்தான இரண்டாவது கணவன் அவரைச் சுட்டுக் கொன்றான். மகளுக்கு அப்போது 19 வயது. 'நேட்டிவ் கார்ட்' தொகுப்பு 2006-ல் வந்து அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. 2012-லிருந்து 2014 வரை அவர் அமெரிக்காவின் தேசியக் கவிஞர்.

படிமத்துக்கு வருவோம். 2000-ல் வந்த அவரது முதல் தொகுப்பு 'டொமஸ்டிக் வொர்க்'. அதில் 'ஃப்ளவுண்டர்' என்று ஒரு கவிதை. ஒரு பெரியம்மா குழந்தையைத் தூண்டில் போடக் கூட்டிப் போகிறாள். தலையில் தொப்பியை மாட்டச் சொல்கிறாள். நீ உங்கப்பா மாதிரி வெளுப்பா இருக்கே, அப்படியே இரு என்ற பொருளில் ஏதோ சொல்கிறாள். அப்புறம் ஒரு மீன் மாட்டுகிறது. தட்டை மீன், நம்மூரில் நாக்கு மீன் என்று விற்பதற்குத் தூரத்துச் சொந்தம். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை என்று அடையாளம் சொல்கிறாள் பெரியம்மா. தரையில் விழுந்த மீன் துள்ளித் துள்ளிப் புரள, குழந்தை பார்த்துக்கொண்டு நிற்கிறது.

முதல் வாசிப்பில் எனக்கு இது கொஞ்சம் சுலபமான படிமமாகத்தான் பட்டது. கலப்பினக் குழந்தை, இரண்டு நிற மீன், அவ்வளவுதானே என்று. அப்புறம் அந்த மீனைப் பற்றித் தேடிப் படித்தேன். தட்டை மீன் குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போலத்தான் இருக்கும், பக்கத்துக்கு ஒரு கண். வளரும்போது ஒரு கண் மெல்ல இடம்பெயர்ந்து மறுபக்கத்துக்குப் போய்விடும். அதன் பிறகு கண்ணில்லாத பக்கத்தைக் கீழே வைத்துக் கடலடியில் கிடக்கும். மேல் பக்கம் மண்ணின் நிறத்துக்கு மாறும், வெளிச்சம் படாத கீழ்ப்பக்கம் வெளுத்தே இருக்கும். தண்ணீருக்குள் இருக்கும்வரை அது இரண்டு நிற மீனாகத் தெரிவதே இல்லை. மேலேயிருந்து பார்ப்பவருக்கு ஒரு நிறம், அதுவும் மணலோடு மணலாக. இரண்டு பக்கமும் மாறி மாறித் தெரிவது தூண்டிலில் மாட்டித் தரையில் துடிக்கும்போதுதான். கவிதை இந்த உயிரியலைச் சொல்வதில்லை, துடிப்பை மட்டும் காட்டுகிறது. ஆனால் எனக்கு அதுக்கப்புறம் அந்தக் கடைசிக் காட்சி அடையாளக் குழப்பமாகத் தெரியவில்லை, மூச்சுத் திணறலாகத் தெரிகிறது. உன் நிறம் எது என்ற கேள்வியே ஓர் உயிரைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துப் போடும் செயல்.

நான் பிழைப்புக்குச் செய்வது மென்பொருள். இணையப் பக்கங்களில் சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்று ஒரு விதி உண்டு. சுத்தக் கறுப்பையும் சுத்த வெள்ளையையும் கொடுத்தால் 21:1 வரும். ஒரே ஒரு நிறத்தை மட்டும் கொடுத்தால் கருவி பேசாது, இன்னொன்று எங்கே என்று காத்திருக்கும். வேறுபாடு என்பது எந்த நிறத்துக்குள்ளும் இல்லாத எண். பெரியம்மா அந்தத் தொப்பியைக் கொடுக்கும்போது அப்பாவை இழுக்காமல் குழந்தையின் நிறத்தைச் சொல்ல முடியவில்லை பாருங்கள், அதே கதைதான்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. 'வெயில்ல அலையாதடி, கறுத்துடுவ' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தொப்பி வரும் வரியைப் படித்ததும் அட, நம்ம அத்தை என்று தோன்றாமல் இருக்காது. தோன்றட்டும், தப்பில்லை. ஆனால் அதோடு நிற்கக்கூடாது. நம் அத்தையின் கவலை கல்யாணச் சந்தை. அந்தப் பெரியம்மாவின் பின்னால் இருப்பது, அந்தக் குழந்தையின் பெற்றோரைச் சிறைக்கு அனுப்பியிருக்கக்கூடிய ஒரு சட்டம். இரண்டும் கொடுமைதான், ஒரே கொடுமை இல்லை. சாதியைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் நிறத்தைப் பேசித் தப்பிக்கிற வசதியும் நமக்கு இதில் இருக்கிறது.

அதே தொகுப்பின் 'வைட் லைஸ்' அதிகம் பாடத்திட்டங்களில் வருகிற கவிதை. வெளுப்பாகத் தெரிகிற சிறுமி தன்னை வெள்ளைக்காரி என்று சொல்லிக்கொள்கிறாள். அம்மா கண்டுபிடித்து அவள் வாயைச் சோப்பால் கழுவுகிறாள். ஆங்கிலத்தில் தீங்கில்லாத பொய் வெள்ளை. தமிழில் வெள்ளைப் பொய் கிடையாது, நம்மிடம் இருப்பது பச்சைப் பொய். ஆகத் தலைப்பின் சிலேடை கடலைத் தாண்டாது. அதனால் எனக்கு இந்தக் கவிதை குறைவாகப் பிடிக்கிறது என்று நினைத்தேன். காரணம் அது இல்லை. இதில் படிமத்துக்குத் தன் அர்த்தம் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. சோப்பு வெள்ளை, பொய் வெள்ளை, தோல் வெள்ளை என்று எல்லாம் சொன்ன இடத்தில் வந்து நிற்கின்றன. கடைசியில் அந்தப் பெண் நுரையை விழுங்கும் கணம் மட்டும் கைமீறிப் போகிறது. தண்டனையையே அவள் மருந்தாக நினைத்துவிடுகிறாள். அந்த ஒரு மிடறு இல்லையென்றால் இது பட்டிமன்றத்தில் மேற்கோள் காட்டப் பொருத்தமான கவிதை, அவ்வளவுதான்.

'நேட்டிவ் கார்ட்' தொகுப்பில் உள்ள 'இன்சிடென்ட்' வேறு ரகம். பாட்டி வீட்டுக்கு வெளியே வெள்ளை அங்கி போட்டவர்கள் சிலுவையைக் கொளுத்திவிட்டுப் போன இரவு. அதைக் குடும்பம் வருஷா வருஷம் சொல்லிக்கொள்கிறது. வடிவம் பான்டூம், மலாய் மொழியின் பன்துன் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. ஒரு பத்தியின் இரண்டாம், நான்காம் வரிகள் அடுத்த பத்தியில் முதலும் மூன்றுமாகத் திரும்ப வரும். நமக்கு அந்தாதி ஞாபகம் வரும், ஆனால் இதில் ஒவ்வொரு பத்தியிலும் பாதி பழசு. ஒரு அடி முன்னே வைத்தால் பாதி அடி பின்னே. பயந்த குடும்பம் ஒரு கதையைச் சொல்வதும் இப்படித்தான்.

திரும்ப வரும் வரிகளில் ட்ரெத்தவே கொஞ்சம் கொஞ்சமாகக் கைவைக்கிறார். முதலில் அந்த மனிதர்கள் தேவதூதர்கள் மாதிரி இருக்கிறார்கள். அதே வரி மறுபடி வரும்போது தேவதூதர்களே வந்துவிட்டதுபோல் தோன்றுகிறது, அவர்கள் வெள்ளையர்கள் என்பது பின்னால் ஒட்டிக்கொள்கிறது. உவமை இடம் மாறிவிட்டது. சிலுவைக்கு உவமை கிறிஸ்துமஸ் மரம். ஆக, பயங்கரத்தைச் சொல்ல அந்தக் குழந்தைக்குக் கையில் கிடைத்த சொற்கள் எல்லாமே தேவாலயத்தில் கற்றவை, எரிப்பவர்களும் எரிக்கப்படும் பொருளும் அங்கிருந்தே வருகின்றன. இதைக் கறுப்பு வெள்ளை முரண் என்று எப்படி எழுதுவது? முரணே இல்லை, கொலைகார ஒற்றுமை அது.

வீட்டுக்குள் என்ன செய்கிறார்கள்? அறைகளை இருட்டாக்குகிறார்கள். சின்ன எண்ணெய் விளக்குகளை மட்டும் ஏற்றி, திரையை இழுத்துவிட்டு எட்டிப் பார்க்கிறார்கள். வெளியே பெரிய வெளிச்சம், உள்ளே நடுங்கும் திரி. இருட்டு இங்கே பாதுகாப்பு, வெளிச்சம்தான் எதிரி. அந்த அட்டவணை இந்தக் கவிதையில் தலைகீழாகத் தொங்குகிறது. ஆனால் விளக்குத் திரியும் நெருப்புதானே? இரண்டு பக்கமும் எரிவது ஒன்றே, அளவுதான் வேறு. கடைசியில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்றும் அந்தக் குடும்பம் சொல்லிக்கொள்கிறது, வருஷா வருஷம் இந்தக் கதையையும் சொல்கிறது. எதுவும் நடக்காத கதையை யார் வருஷா வருஷம் சொல்வார்கள்? என்னைப் பொறுத்தவரை கவிதையின் உண்மையான முரண் இதுதான், அதில் நிறமே இல்லை.

வடிவத்தைப் பற்றிப் பேசும்போது ஜெரிகோ பிரௌனை விட்டுவிட முடியாது. 2019-ல் வந்து மறு ஆண்டு புலிட்சர் வாங்கிய 'தி ட்ரடிஷன்' தொகுப்பில் அவர் 'டூப்ளெக்ஸ்' என்று ஒரு வடிவத்தையே உருவாக்கினார். கஜல், சானட், ப்ளூஸ் மூன்றையும் கலந்து பதினான்கு வரி. ஒவ்வொரு ஈரடியின் இரண்டாம் வரியும் சற்றே மாறி அடுத்த ஈரடியைத் தொடங்கும், முதல் வரியே கடைசியில் திரும்பும். இது கிட்டத்தட்ட நம் மண்டல அந்தாதி. டூப்ளெக்ஸ் என்றால் ஒரு சுவரைப் பங்குபோட்டுக்கொள்ளும் இரண்டு வீடுகள். தொகுப்பின் முதல் டூப்ளெக்ஸில் அடிக்கிற அப்பாவும் முதல் காதலும் அப்படி ஒட்டுச்சுவர் வைத்துக் குடியிருக்கிறார்கள். ஒரு பக்கம் சத்தம் போட்டால் மறுபக்கம் கேட்காமல் இருக்காது.

அப்பாக்களிடம் வந்துவிட்டோம். ட்ரெத்தவேயின் 'த்ரால்' (2012) முழுக்க அப்பாவோடு நடக்கும் ஒரு வழக்கு. அதில் 'என்லைட்டன்மென்ட்' என்ற கவிதை. அறிவொளி என்று மொழிபெயர்த்தால் நமக்கு முதியோர் கல்வி இயக்கம்தான் ஞாபகம் வரும், அதனால் அப்படியே விடுகிறேன். தாமஸ் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ மாளிகைக்கு அப்பாவும் மகளும் போகிறார்கள். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று சுதந்திரப் பிரகடனத்தில் எழுதிய ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர். அவர்களில் ஒருவரான சாலி ஹெமிங்ஸ், ஜெஃபர்சனின் மனைவிக்கு ஒரே தகப்பன் வழித் தங்கை, தாய் வேறு. அவருடைய பிள்ளைகளுக்கு ஜெஃபர்சன்தான் தகப்பன் என்ற பேச்சை 1998-ல் வந்த மரபணுச் சோதனை வலுப்படுத்தியது. அங்கே ஒரு ஓவியம். நெற்றியில் வெளிச்சம், முகத்தின் மற்ற பகுதி நிழலில். முரணை ஓவியனே வரைந்து கொடுத்துவிட்டான். சாதாரணக் கவிஞர் அதோடு மூட்டை கட்டியிருப்பார்.

ட்ரெத்தவே ஓவியத்தை விட்டுவிட்டு அப்பாவைப் பார்க்கிறார். பல வருஷத்துக்கு முன்னால் முதல் முறை வந்தபோது அப்பா ஜெஃபர்சனுக்காக வாதாடியவர், அப்படியெல்லாம் இருக்காது என்று. அவர் கெட்டவர் இல்லை. மகளை உயிராக நேசிக்கிறவர். ஆனால் ரத்தக் கலப்பால் கறுப்பினம் மேம்படும் என்ற ஜெஃபர்சனின் கருத்து அந்த அறையில் ஒலிக்கும்போது, அப்பாவின் அன்பில் அதன் சாயல் எங்காவது இருக்கிறதா என்று மகள் தேடாமல் இருக்க முடியவில்லை. கடந்த காலத்துக்குள் அடியெடுத்து வைப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள் என்கிறார் வழிகாட்டி. மகள் அப்பாவின் காதில், அப்படியானால் நாம் இங்கே பிரிய வேண்டியதுதான், நான் பின்பக்கமாக வருகிறேன் என்ற மாதிரி ஒரு ஜோக் சொல்கிறாள். அப்பா சிரிக்கிறார். தன்னைக் காப்பாற்றிவிட்டாள் என்ற நன்றியில் வரும் சிரிப்பு அது. அவர்களைச் சேர்த்துக் கட்டுவதும் பிரித்து வைப்பதும் ஒரே வரலாறு என்பது அந்தச் சிரிப்பில் இருவருக்கும் தெரிந்துவிடுகிறது. முரண்தொடைக்கு இதைவிட நல்ல உதாரணத்தை நான் எந்த இலக்கண நூலிலும் பார்த்ததில்லை.

அதே தொகுப்பைத் தொடங்கி வைக்கும் கவிதை 'எலிஜி', கையறுநிலை என்று வைத்துக்கொள்ளலாம். அப்பாவும் மகளும் ஆற்றில் மீன் பிடிக்கிறார்கள். தூறல், பனிமூட்டம், இடுப்பளவு தண்ணீர். கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை, எல்லாமே சாம்பல். மகளுக்கு இரண்டு சின்ன மீன் மாட்டுகிறது. வைத்துக்கொள்ளக்கூடாத அளவு சின்னது, கொக்கியை எடுத்து விடவேண்டும், அவள் விடுமுன்பே அவை கையிலிருந்து நழுவிப் போகின்றன. அப்பா மறுபடி மறுபடி தூண்டிலை வீசுகிறார், வெறுமனே திரும்பாத சமயங்களில் அது மகளின் தூண்டில் நரம்போடு சிக்கிக்கொண்டு வருகிறது. ஆங்கிலத்தில் தூண்டில் நரம்புக்கும் கவிதை வரிக்கும் ஒரே சொல். இதற்கெல்லாம் நடுவில், என்றைக்காவது எழுதப்போகும் இரங்கற்பாவுக்காக அன்றைக்கே குறிப்பெடுத்துக்கொண்டிருந்ததாக மகள் சொல்கிறாள். எரிக் ட்ரெத்தவே இறந்தது 2014-ல். கவிதை அச்சானபோது அவர் உயிரோடு இருந்தார்.