தனிமைக்குரிய ஒரு சீன எழுத்தும் அதன் பொருள் வரலாறும்

தனிமையைக் குறிக்கச் சீன மொழியில் வழங்கும் ‘கூதூ’ என்னுஞ் சொல் ஈரெழுத்துக்களால் ஆனது. முதலெழுத்தாகிய ‘கூ’வின் இடப்பாகத்திற் குழந்தையைக் குறிக்கும் உருவும், வலப்பாகத்திற் கொடிக்காயைக் குறிக்கும் உருவும் உள்ளன. இரண்டாம் எழுத்தாகிய ‘தூ’வின் இடப்பாகம் நாய், வலப்பாகம், இன்றைய சுருக்க வடிவிற் பூச்சி. குழந்தையும் காயும் நாயும் பூச்சியும் கூடிய கோடைகால மாலைத் தெருவொன்றை இவ்வெழுத்துக்கள் காட்டுகின்றன என்றும், அந்த ஆரவாரத்தில் எதுவுந் தனக்குரியதன்றி அப்பால் நிற்பவனின் நிலையே தனிமை என்றும் ஒரு விளக்கம் சீன வாசகரிடையே பெரிதும் பரவியுள்ளது. கற்பனை என்ற அளவில் அது சுவையானதே. ஆயின், சொல்லின் வரலாறாக அதனைக் கொள்ளுதல் பொருந்தாது. அது இச்சொல்லின் அடிப்படையான சமூகப் பொருளை மறைத்துவிடுகின்றது. அப்பொருளை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சீன எழுத்துக்களிற் பெரும்பாலானவை பொருட்கூறொன்றும் ஒலிக்கூறொன்றும் இணைந்தமைந்தவை. ‘கூ’ என்னும் எழுத்திற் குழந்தை உரு பொருளை உணர்த்துவது. ‘குவா’ என ஒலிக்கப்படும் காய் உரு ஒலிப்பைச் சுட்டுவது. ‘தூ’வின் பழைய வடிவில் நாயுருவோடு ‘ஷூ’ என்னும் ஒலிக்கூறு நின்றது. அதன் ஒரு பகுதியாயிருந்த பூச்சி உருவை மட்டும் எஞ்சவிட்ட சுருக்க வடிவம், சீனாவில் 1956ஆம் ஆண்டின் எழுத்துச் சுருக்கத் திட்டத்தால் நிலைபெற்றது. சீன எழுத்து ஒவ்வொன்றையும் ஓவியமாகவே நோக்கும் போக்கினை, 1919இல் எஸ்ரா பவுண்ட் வெளியிட்ட பெனலோசாவின் கட்டுரை மேனாட்டுக் கவிஞரிடையே பரவச்செய்தது. கவிதை அதனாற் பயன்பெற்றிருக்கலாம். சொல்லாராய்ச்சி அதனை அடிப்படையாகக் கொள்ளவியலாது.

கி.பி. 100 அளவில் சூ ஷென் தொகுத்த எழுத்தகராதி ‘கூ’ என்பதற்குத் தந்தையற்ற நிலை என்றே பொருள் கூறுகின்றது. அதற்கு முற்பட்ட மென்சியஸ் நூல், மனைவியை இழந்த முதியோன், கணவனை இழந்த முதியோள், பிள்ளைகளற்ற முதியோர், தந்தையற்ற இளையோர் என நால்வகையினரைச் சுட்டி, துயர் சொல்லுதற்கு ஆளில்லாத இவர்களையே வென் மன்னனின் நல்லாட்சி முதற்கண் கருத்திற் கொண்டதெனக் கூறும். இந்நால்வருள் ஈற்றிலுள்ள இருவருக்கு உரிய பெயர்களே முறையே ‘தூ’வும் ‘கூ’வும் ஆகும். ஆகவே, பண்டை வழக்கிற் ‘கூதூ’ என்பது ஓர் உணர்வின் பெயரன்று. வாழ்வின் தொடக்கத்தில் ஆதரவற்றோரையும் அதன் முடிவில் ஆதரவற்றோரையும் ஒருங்கே சுட்டிய தொகைப்பெயர் அது. ஹான் பேரரசர்களின் ஆணைகளில், தானியமும் துணியும் பெறுதற்குரியோராக இத்தகையோர் குறிக்கப்பட்டமையும் இங்கு நோக்கற்பாலது. மன்னர்கள் தம்மைத் தாழ்த்திக்கூறும் பெயராகவும் ‘கூ’ வழங்கியது. தாவோ தே ஜிங் இவ்வழக்கைக் குறிப்பிடுகின்றது.

தாங் காலக் கவிதையிற் பொருள் அகமுகமாகத் திரும்புவதைக் காணலாம். லியூ சொங்யுவானின் (773–819) புகழ்பெற்ற ‘ஆற்றுப்பனி’ இருபதே எழுத்துக்களாலான கவிதை. அதன் மூன்றாம் அடி ‘கூ’ என்றும் நான்காம் அடி ‘தூ’ என்றும் தொடங்குகின்றன. முன்னது படகையும் பின்னது மீன்பிடித்தலையும் விசேடிக்கின்றது. இங்கு அநாதையுமில்லை, பிள்ளையற்ற முதியோரும் பேசப்படவில்லை. எழுத்துக்கள் ஒரு மனநிலையின் பெயர்களாகிவிட்டன. எனினும், அக்கவிஞன் 805இல் ஓர் அரசியற் சீர்திருத்த முயற்சி தோல்வியுற்றமையால் யொங்சோவுக்கு அகற்றப்பட்டவன் என்பதை மறத்தலாகாது. அகத்தனிமையின் பின்னணியிலும் அறுக்கப்பட்ட உறவொன்று நிற்கின்றது.

இவ்வெழுத்துக்கள் அண்டை நாடுகளுக்கும் சென்றன. ‘கூதூ’ கன்டனீய வழக்கிற் ‘கூதுக்’ எனவும், கொரியத்திற் ‘கொதொக்’ எனவும், யப்பானியத்திற் ‘கொதொக்கு’ எனவும், வியற்நாமியத்திற் ‘கோதொக்’ எனவும் ஒலிக்கும். வடசீன வழக்கு இழந்துவிட்ட பழைய ஈற்று மெய்யை இவை பேணியுள்ளன. ஒலியைப் போன்றே பழம்பொருளும் பேணப்பட்டது. பெற்றோரற்ற குழந்தையைக் குறிக்கும் சீன ‘கூ அர்’, யப்பானிய ‘கொஜி’, கொரிய ‘கொஆ’, வியற்நாமிய ‘கோ ஞி’ யாவும் ‘கூ’ எழுத்தையே முதலாகக் கொண்டவை. அன்றாடப் பேச்சில் தனிமையுணர்வைக் கூற யப்பானியர் ‘சபிஷீ’ என்றும் கொரியர் ‘வெரொப்தா’ என்றும் தத்தம் மொழிக்குரிய சொற்களை ஆள்வர். எழுத்து வழக்குக்குரிய சீனச் சொல் அவற்றின் அருகே தனக்கென ஓரிடத்தைக் காத்துவந்தது.

அவ்விடம் யாதென்பதை அண்மைக்கால வரலாறு தெளிவாக்கியது. 1995 ஜனவரியிற் கோபே பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்தின் பின்னர், தற்காலிகக் குடியிருப்புக்களில் எவரும் அறியாமல் இறந்தோரின் செய்திகள் வெளிவந்தபோது, ‘கொதொக்குஷி’ (தனிமைச் சாவு) என்னும் சொல் யப்பானிற் பரவலான கவனத்தைப் பெற்றது. அதே எழுத்துக்கள் கொரியாவிற் ‘கொதொக்சா’ என வழங்கின. அத்தகைய சாவுகளைத் தடுப்பதற்கான சட்டம் தென் கொரியாவில் 2020இல் நிறைவேறி 2021இல் நடைமுறைக்கு வந்தது. யப்பான் 2021இல் இவ்விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சர் ஒருவரை நியமித்து, 2023இல் ஒரு சட்டத்தையும் இயற்றியது. அச்சட்டத்தின் பெயரில் ‘கொதொக்கு’, ‘கொரித்சு’ என இரு சொற்கள் அருகருகே நிற்கின்றன. முன்னது உணரப்படும் தனிமை. பின்னது சமூகத் தொடர்பற்ற நிலை. இரண்டுக்கும் முதலெழுத்து ‘கூ’வே ஆகும். கவிதை பிரித்தெடுத்த அகப்பொருளையும் பண்டைய அறநூல் வற்புறுத்திய புறப்பொருளையும் சட்டமொழி மீண்டும் ஒருங்கு நிறுத்தியுள்ளது எனலாம்.

எழுத்தை ஓவியமாக்கும் விளக்கத்தின் குறைபாடு இப்போது புலனாகும். அது தனிமையை, தெருவை நோக்கி நிற்கும் ஒருவனின் நுண்ணுணர்வாக மட்டும் காண்கின்றது. எழுத்தின் வரலாறோ, அந்தத் தெருவில் அவனுக்கு உறவானோர் எவருமில்லாது போனமைக்கு யார் பொறுப்பு என்று வினவுகின்றது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அரசனை நோக்கி எழுந்த அவ்வினா, இன்று கிழக்காசிய அரசுகளை நோக்கி, அதே எழுத்தின் வாயிலாக, மீண்டும் எழுந்துள்ளது. இச்சொல்லின் பொருளை ஆராய்வோர் அகவுணர்வின் நுட்பத்தோடு அவ்வினாவையுங் கருத்திற் கொள்ளுதல் இன்றியமையாததாகும்.