மறுப்பதற்கு ஒரு கணக்கு

பெருமாள்மலையில் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பழனிக்கு இறங்குகிறது, மற்றொன்று வத்தலக்குண்டுக்கு. மாப்பிள்ளை வீட்டார் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் ஏறி வர வேண்டும். அவர்களுக்கு முன்பே ஜாதகம் ஏறி வந்துவிடும். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். மேலே ராசிக் கட்டமும் அம்சக் கட்டமும், கீழே படிப்பு, சம்பளம், உயரம், கூடப்பிறந்தவர்கள், கடைசி வரியில் ‘எதிர்பார்ப்பு’. துணை தேடக் கணக்குப் போடுவது, 2004-இல் கணிதம் படித்த அமெரிக்கர்கள் ஓகேகியூபிட் என்ற துணை தேடும் தளத்தைத் தொடங்கியபோது பிறந்த புதுமை என்று நினைப்பவர்கள் இந்தத் தாளை ஒருமுறை பார்க்கலாம்.

பத்துப் பொருத்தத்தை நம்பிக்கையாக அல்ல, கணக்காகவே எடுத்துக்கொள்வோம். உள்ளே போடுவது பெண்ணின் நட்சத்திரம், ராசி. ஆணின் நட்சத்திரம், ராசி. அவ்வளவுதான். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. அந்த ஒரு நாளுக்குள் கொடைக்கானலில் பிறந்தாலும் கோலாலம்பூரில் பிறந்தாலும் நட்சத்திரம் ஒன்றே. தினப் பொருத்தத்துக்குப் பெண்ணின் நட்சத்திரத்திலிருந்து ஆணின் நட்சத்திரம் வரை எண்ணி, ஒன்பதால் வகுப்பார்கள். மீதி 2, 4, 6, 8 அல்லது 0 வந்தால் உத்தமம். 27 எண்களில் 15 இதில் தேறிவிடும். பாதிக்குச் சற்று மேல், காசு சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் தாராளம். ரஜ்ஜு கண்டிப்பானது. பாதம், தொடை, வயிறு, கழுத்து ஆகிய நான்குக்கும் ஆறாறு நட்சத்திரங்கள், சிரசுக்கு மூன்று. இருவருக்கும் ஒரே ரஜ்ஜு என்றால் பேச்சே இல்லை. மொத்தமுள்ள 729 ஜோடிகளில் 153 அப்படிப்பட்டவை. நூற்றுக்கு இருபத்தொன்று, முகம் பார்க்கும் முன்பே கழிந்துவிடுகிறது.

செவ்வாய் தோஷத்தின் கணக்கு இன்னும் சுவையானது. லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12-ஆம் வீடுகளில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்று வைத்தால், பன்னிரண்டில் ஐந்து வாய்ப்பு. நூற்றுக்கு 42 பேர் சிக்குவார்கள். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் பார்க்க வேண்டும் என்று சொல்பவரிடம் போனால், மூன்றும் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், எண்பதைத் தொடும். ஐந்தில் நால்வருக்குத் தோஷம் என்றால் ஊரில் கல்யாணமே நடக்காது. ஆகவேதான் விதிவிலக்குகளின் பட்டியல் அத்தனை நீளம். விதிவிலக்கைக் கண்டுபிடித்துத் தருபவர் ஜோசியர். அவரைத் தேட வைப்பது பெரும்பாலும் பையன் பார்க்கும் நல்ல வேலை.

உள்ளே போடும் நட்சத்திரமாவது உறுதியானதா? பெருமாள்மலையிலிருந்து மேலே ஏறினால் கொடைக்கானலில் 1899-இல் அமைந்த சூரிய வானாய்வகம் இருக்கிறது. அதற்கு முன்னோடியான சென்னை வானாய்வகத்தில் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாசாரி. வாக்கியப் பஞ்சாங்கம் காட்டும் சந்திரனும் தொலைநோக்கி காட்டும் சந்திரனும் ஒத்துப்போகவில்லை என்று கண்டு, திருக்கணிதப்படி திருத்திய பஞ்சாங்கத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வெளியிட்டவர் அவர். இரண்டு பஞ்சாங்கங்களுக்கும் நட்சத்திரம் மாறும் நேரம் இன்றும் வேறுபடுகிறது, சில நாட்களில் மணிக்கணக்கில். அந்த இடைவெளியில் பிறந்த பெண்ணுக்கு ஒரு பஞ்சாங்கத்தில் கேட்டை, இன்னொன்றில் மூலம். எது வசதியோ அதை எடுத்துக்கொள்ளும் குடும்பங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி எடுக்க முடிகிறது என்பதே, முடிவு வேறெங்கோ நடந்துவிட்டது என்பதற்குச் சாட்சி.

இத்தனைக்குப் பிறகும் இந்த வழக்கத்துக்கு ஒரு பலம் உண்டு. பகுத்தறிவு பேசுகிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை. ‘ஜாதகம் பொருந்தலைங்க’ என்ற ஒரே வாக்கியத்தில் எத்தனை கசப்பு தவிர்க்கப்படுகிறது! பெண் கறுப்பு, பையன் குடிக்கிறான் என்று கேள்வி, கேட்ட பவுன் வராது போலிருக்கிறது. இவற்றில் எதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. மலைக் கிராமங்களில் மறுத்தவரும் மறுக்கப்பட்டவரும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பூண்டு மூட்டைக்குப் பக்கத்தில் நேருக்கு நேர் நின்றாக வேண்டும். பழியைக் கிரகத்தின்மேல் போட்டுவிட்டால் இருவரும் டீ குடிக்கலாம். சாமி முன்னால் சிவப்பும் வெள்ளையுமாகப் பூக்கட்டிப் போட்டு, குழந்தையை ஒன்றை எடுக்கச் சொல்வதும் இதே வகைதான். அதில் ஒரு நேர்மை கூடுதலாக உண்டு. குலுக்கல் என்பதை அது மறைப்பதில்லை.

மறுப்பதற்கு இவ்வளவு நயமாகப் பயன்படும் கருவியை ஒருவரைத் தேர்ந்தெடுக்கவும் பயன்படுத்தும்போதுதான் அது கெடுகிறது. கெடுதலும் எல்லோர்மேலும் சமமாக விழுவதில்லை. மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்ற பேச்சு பெண்ணைத்தான் வீட்டில் உட்கார வைக்கிறது. ஆண் மூலத்துக்கு அரசாளும் யோகம் சொல்லும் பழமொழி நம்மிடமே இருக்கிறது. ஒரே நட்சத்திரத்துக்கு இரண்டு விடை தரும் கணக்கைக் கணக்கு என்று சொல்லக் கூடாது.

திருமணத் தளங்கள் வந்தபோது இதெல்லாம் மாறும் என்று எதிர்பார்த்தோம். முருகவேல் ஜானகிராமன் 1997-இல் அமெரிக்காவில் இருந்தபடி தமிழர்களுக்கென ஓர் இணையத்தளம் தொடங்கினார். அதன் திருமணப் பகுதிதான் பாரத் மேட்ரிமோனியாக வளர்ந்தது. தரகர் கைப்பையில் இருந்த முப்பது ஜாதகம் லட்சக்கணக்காகப் பெருகியது. கணவரை இழந்தவர்களுக்கும், விவாகரத்தானவர்களுக்கும், தரகர் கதவைத் தட்டாத வீடுகளுக்கும் இது உண்மையான திறப்பு. ஆனால் உள்ளே நுழைந்ததும் முதலில் நிரப்பச் சொல்லும் கட்டங்கள் எவை? மதம், சாதி, உட்பிரிவு.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் தலைவனுக்கும் தலைவிக்கும் பத்து ஒப்புமைகள் சொல்கிறது. குடி, வயது, அழகு, செல்வம் எல்லாம் அதிலும் உண்டு. இவற்றுக்குத் தளத்தில் கட்டம் கிடைத்துவிட்டது. அதே பட்டியலில் உள்ள அடக்கம், அருள், உணர்வு, இருவரிடத்தும் ஒத்த அளவில் நிற்கும் காமம் ஆகியவற்றுக்குக் கட்டம் இல்லை. எளிதில் எண்ணக்கூடியது மட்டும் தங்கிவிட்டது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் கொல்கத்தாவின் வங்காள நாளிதழ் மணமக்கள் விளம்பரங்களை வைத்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த எண்ணக்கூடியவற்றில் எது கனம் என்று காட்டுகிறது. சாதி மாறாமல் இருப்பதற்காகப் பெண் வீட்டார், மாப்பிள்ளையிடம் படிப்பே இல்லாததற்கும் முதுகலைப் பட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தையே விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள். தளத்தின் வடிகட்டி தானாக யாரையும் பிரிக்கவில்லைதான். பிரிக்க நினைத்தவருக்கு ஒரே சொடுக்கில் வேலையை முடித்துக் கொடுத்தது.

தூரக் கணக்கும் இப்படித்தான். வரைபடத்தில் பெரியகுளம் பெருமாள்மலைக்கு நேர் தெற்கே, இருபது கிலோமீட்டருக்குள். காட்ரோடு வழியாகச் சுற்றி இறங்கினால் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அடுக்கம் சாலை குறுக்கு வழிதான், ஆனால் மழை வலுத்தால் மண் சரியும். ‘அருகில் உள்ளவர்கள்’ என்று செயலி காட்டும் வரனுக்குக் கட்டிக்கொடுத்த பிறகு, மகளை அந்தச் சாலையில் போய்ப் பார்ப்பது தாய்தான்.

1962-இல் கணிதர்கள் டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் நிலையான ஜோடி சேர்ப்புக்கு, அதாவது தத்தம் துணையைவிட ஒருவரையொருவர் அதிகம் விரும்பும் இருவர் எங்கும் மிஞ்சாத சேர்ப்புக்கு, ஒரு வழிமுறை எழுதினார்கள். அதில் ஒரு முடிவு நம் பெண் பார்க்கும் படலத்துக்கு உறைக்க வேண்டியது. எந்தத் தரப்பு முதலில் போய்க் கேட்கிறதோ, அதற்குச் சாத்தியமான நிலையான ஜோடிகளில் மிகச் சிறந்தது கிடைக்கும். காத்திருந்து பதில் சொல்லும் தரப்புக்கு அவற்றிலேயே கடைசியானது. பஜ்ஜியும் சொஜ்ஜியும் வைத்துக் காத்திருந்தவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பெண்ணே முதலில் ‘விருப்பம்’ அனுப்ப முடிகிறது என்ற அளவில் தளங்கள் செய்திருப்பது சின்ன விஷயமல்ல.

கிடைத்த துணையைக் காப்பாற்றிக்கொள்ளக் கணக்கு உதவுமா? உளவியலாளர் ஜான் காட்மனும் கணிதர் ஜேம்ஸ் மரேயும் தம்பதிகளின் பேச்சை அளந்து சமன்பாடுகள் எழுதினார்கள். சச்சரவின்போதுகூட ஒரு கடுஞ்சொல்லுக்கு ஐந்து நல்ல சொல் இருந்தால் மணம் நிலைக்கும் என்பது காட்மனின் ஆய்வுகளிலிருந்து ஊரெங்கும் பரவிய விகிதம். விவாகரத்தை நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற பெருமையும் கூடவே பரவியது. யார் பிரிந்தார்கள் என்று தெரிந்த பிறகு பொருத்திய சமன்பாட்டை, தெரியாத தம்பதிகள்மேல் சோதிக்காமல் முன்கணிப்பு என்று சொல்லலாமா என்ற விமர்சனம் சரியானதே. நடந்து முடிந்ததற்கு ஜாதகத்தில் காரணம் காட்டும் ஜோசியரை நமக்குத் தெரியாதா என்ன?

இதைவிட அடக்கமான ஆய்வு உளவியலாளர் சமந்தா ஜோயல் குழுவினருடையது. 43 தரவுத் தொகுப்புகள், 11,196 தம்பதிகள். இயந்திரக் கற்றல் முறையில் அலசி 2020-இல் வெளியிட்டார்கள். ஒருவர் எப்படிப்பட்டவர் என்ற விவரங்கள், ஆய்வின் தொடக்கத்தில் உறவின் தரத்தில் இருந்த வேறுபாட்டில் 21 விழுக்காடு வரை விளக்கின. துணைக்கு என்மேல் உறுதியான பிடிப்பு இருக்கிறது, இவர் துணையாகக் கிடைத்தது என் பாக்கியம் என்பது போன்ற, உறவைப் பற்றிய விவரங்கள் 45 வரை விளக்கின. முதல் வகையை ஒரு தாளில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். இரண்டாவது, இருவரும் பழகிய பிறகே உண்டாகும் தரவு.

நம் வழக்கத்தில் அந்தப் பழக்கத்துக்கு அனுமதி எப்போது கிடைக்கிறது? நிச்சயம் முடிந்த பிறகு. எண்ணை மாற்றிக்கொண்டு இரவெல்லாம் பேசலாம், யாரும் தடுப்பதில்லை. அந்தப் பேச்சில் ஏதோ சரியில்லை என்று ஒரு பெண்ணுக்குப் படும்போது பத்திரிகை அச்சுக்குப் போயிருக்கும், மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகியிருக்கும். அப்போது அவள் வீட்டில் சொன்னால் கிடைக்கும் பதில், பத்துக்கு எட்டு பொருந்தியிருக்கிறதே என்பதுதான்.