விருப்பம் போகாத தெருக்கள்

2026ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை தன்னார்வலர்களுக்கான ஆண்டாக அறிவித்திருக்கிறது. 2001இலும் இப்படி ஓர் ஆண்டு வந்து போனது. நம் திருச்சபைகளுக்கு அந்த அறிவிப்பு தேவையே இல்லை. பங்குத் திருவிழாவிலும் சபை ஆண்டு விழாவிலும், நோயாளிகளைப் பார்த்து வருகிறவர்களையும் துக்க வீட்டில் கூட நிற்கிறவர்களையும் மேடையேற்றிச் சால்வை போர்த்தும் வழக்கம் இங்கே வெகுநாளாக இருக்கிறது. பாராட்டில் குற்றமில்லை. பாராட்டோடு சேர்த்து அங்கே சொல்லப்படும் ஒரு வாதத்தில்தான் குற்றம். 'சபையார் ஒருவரையொருவர் தாங்குவது அன்பின் ஊழியம். அதற்குப் பட்டியல் போட்டு, முறை வைத்து, கணக்குக் கேட்டால் அது வெறும் வேலையாகிவிடும்' என்கிறார்கள். கேட்க இனிமையாக இருப்பதால் யாரும் இதை எதிர்த்துப் பேசுவதில்லை. கடலூர், சிதம்பரம் வட்டாரச் சபைகள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த இனிமை யாரைக் கைவிடுகிறது என்பது தெரிந்துவிடும்.

இந்த ஊழியத்தின் நன்மைகளைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. பாரிசில் 1833இல் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் அவர் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை, இரண்டிரண்டு பேராக ஏழைகளின் வீட்டுக்குப் போவதையே தன் முதல் வேலையாகக் கொண்டது. டப்ளினில் 1921இல் பிறந்த மரியாயின் சேனையும் வீடு சந்திப்பதை முக்கியமாக வைத்திருக்கிறது. கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியங்கள் என்ற அண்டைவீட்டுக் குழுக்கள் இருக்கின்றன. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையிலும் தென்னிந்தியத் திருச்சபையிலும் பெண்கள் சங்கங்கள் இருக்கின்றன. சம்பளம் வாங்காமல், ராத்திரி என்று பார்க்காமல், படுத்திருப்பவரின் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரும் ஆட்களை எந்த அரசுத் திட்டமும் உண்டாக்கிவிட முடியாது. சுனாமியின்போதும், 2011 கடைசியில் தானே புயல் கடலூரைச் சிதைத்தபோதும் சபைக் கட்டடங்களும் சபை மக்களும் எவ்வளவு உதவினார்கள் என்பதை இந்த வட்டாரத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் மறுப்பு ஒன்றே. அதை வெகுகாலமாகச் சொல்லிவருகிறேன். ஆர்வத்தை மட்டும் நம்பும் பராமரிப்பு, தேவை இருக்கும் இடத்துக்குப் போவதில்லை. ஆர்வம் இருக்கும் இடத்துக்குத்தான் போகிறது. தண்ணீர் பள்ளம் பார்த்துப் பாயும். விருப்பம் பழகிய தெருவைப் பார்த்துத்தான் போகும். கோயிலுக்குப் பக்கத்துத் தெரு, பாடகர் குழுவில் இருந்த டீச்சர், பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து காணிக்கை அனுப்பும் வீடு, தன் சொந்தக்காரர் என்று தன்னார்வலரின் கால் தானாகவே ஒரு பாதையைப் பிடித்துக்கொள்கிறது. அதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. அதனால்தான் அது யார் கண்ணிலும் படுவதில்லை. கிள்ளை போன்ற இடத்தில் இதன் விளைவு இன்னும் கடுமை. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டை ஒட்டி, உப்பங்கழிகளுக்கு நடுவே சிதறிக்கிடக்கும் குடியிருப்புகள் அவை. இந்தக் கரையோரத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிறுபான்மை. ஒரே போதகரோ பங்குத்தந்தையோ பல கிளை ஊர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஞாயிறு ஆராதனைக்கு வந்துபோகிறவர் நோயில் விழுந்தால் நாலு பேர் கேட்பார்கள். படுக்கையாகி, வருவதை நிறுத்தி, இரண்டு வருடம் ஆனவரை யார் கேட்பார்கள்? அதிகம் தேவைப்படுகிறவர் யாரோ அவர்தான் கண்ணில் படாதவராகவும் இருக்கிறார். மனமுவந்து செய்வதே போதும் என்கிறவர்கள் இந்த ஓர் உண்மைக்கு இதுவரை பதில் சொல்லவில்லை.

பதில் திருச்சபையின் முதல் பக்கங்களிலேயே இருக்கிறது. எருசலேமின் ஆதி சபையில் விதவைகளுக்கு அன்றாட உணவு பகிரப்பட்டபோது, கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டார்கள் என்று முறுமுறுப்பு எழுந்ததைத் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரம் மறைக்காமல் சொல்கிறது. எல்லாவற்றையும் பொதுவாக வைத்து வாழ்ந்த சபை அது. அன்புக்கு அங்கே என்ன குறை இருந்திருக்கும்? இருந்தும் உணவு மொழிவாரியாகத்தான் போயிருக்கிறது. திருத்தூதர்கள் அதைக் கேட்டு, 'இன்னும் அதிகமாக அன்பு செய்யுங்கள்' என்று பிரசங்கம் செய்யவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, பொறுப்பை ஒப்படைத்தார்கள். அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்களின் தரப்பிலிருந்தே ஆட்கள் எடுக்கப்பட்டார்கள் என்று விவிலிய அறிஞர் பலர் கருதுவது அதனால்தான். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகமோ விதவைகளின் பட்டியலைப் பற்றியே பேசுகிறது. யாரைச் சேர்க்கலாம், எந்த வயதில் என்றெல்லாம் விதி சொல்கிறது. அந்த விதிகள் இன்றைக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. பட்டியல் வைப்பது அன்புக்கு விரோதம் என்று ஆதி சபை நினைக்கவில்லை என்பது மட்டும் ஐயத்துக்கு இடமில்லாதது.

வின்சென்ட் தே பவுலின் பெயரால் சங்கம் வைத்திருப்பவர்கள் அவர் வாழ்க்கையின் திருப்பத்தை மறந்துவிடக் கூடாது. 1617 ஆகஸ்டில், பிரான்சின் சாத்தியோன் என்ற சிற்றூரில் அவர் பங்குத்தந்தை. ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் எல்லோரும் நோயில் கிடக்கிறார்கள் என்று பூசைக்குச் சற்று முன் கேள்விப்பட்டு, மறையுரையில் அதைச் சொன்னார். அன்று பிற்பகலே ஊர் திரண்டு உணவோடு அந்த வீட்டுக்குப் போனது. பின்னால் போன வின்சென்ட் கண்டது என்ன? ஒரே நாளில் தின்று தீராத அளவுக்குக் குவிந்த உணவு. பாதி வீணாகும், அந்தக் குடும்பம் அடுத்த வாரம் பழையபடி பட்டினியாகும். அன்பு நிறைய இருக்கிறது, ஒழுங்குதான் இல்லை என்று அவருக்குப் புரிந்தது. சில நாட்களிலேயே பெண்களைக் கூட்டி, ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் எழுதிய விதிகளோடு ஒரு சங்கமே எழுந்தது. முறை வைத்ததால் அன்பு செத்துவிட்டதா? பின்னாளில் லூயிஸ் தெ மரியாக்கோடு சேர்ந்து அவர் 1633இல் தொடங்கிய பிறரன்புப் புதல்வியர் சபை இன்றும் உலகெங்கும் நோயாளிகளின் கட்டிலருகே நிற்கிறது. ஒழுங்கு வந்தால் அன்பு வற்றும் என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு வரலாற்றையாவது விளக்க வேண்டும்.

'சபையார்' என்று யாரைச் சொல்கிறோம் என்பதிலும் சிக்கல் இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபையிலும் லுத்தரன் சபைகளிலும் சந்தா ஒழுங்காகக் கட்டுகிறவர்தான் சபைக் கூட்டத்தில் குரல் உள்ளவர். சந்தாப் புத்தகத்தில் இருக்கும் பெயர் நினைவில் இருக்கிறது. பாக்கி விழுந்து அடிபட்ட பெயர் நினைவிலிருந்தும் அடிபடுகிறது. இப்படிப்பட்ட உறுப்பினர் கணக்கு துயரத்தின்போது என்ன செய்யும் என்பதைக் கிள்ளைக் கரை 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கண்டது. எம்.ஜி.ஆர். திட்டு, முழுக்குத்துறை, முடசல் ஓடை என்று கரையோரம் முழுதும் அடிபட்டது. சோழமண்டலக் கரையின் பல மீனவ ஊர்களில் வந்த நிவாரணம் ஊர்ப் பஞ்சாயத்தின் வரிக்காரர் பட்டியல்படி பங்கிடப்பட்டது. வரி கட்டும் ஆண் இல்லாத வீடுகள், பெண் தலைமையில் இருந்த வீடுகள், ஊர் வரியில் சேராத தலித் குடும்பங்கள், கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைத்த இருளர்கள் ஆகியோர் பின்னுக்குப் போனார்கள். படகும் வலையும் இழந்தவரின் இழப்பை அளக்க முடிந்தது. படகே இல்லாதவர் எதை இழந்தார் என்று கேட்கக்கூட ஒரு கட்டம் இருக்கவில்லை. மீனவர் பஞ்சாயத்து கொடுமைக்காரர்களின் கூட்டம் அல்ல. தன் ஊரைத் தாங்க வேண்டும் என்ற உண்மையான பாசத்தில் இயங்கிய அமைப்பு அது. நம்மவர், நம்மவர் அல்லாதவர் என்ற கோடு போட்டுவிட்டால் பாசமே அந்த வேலையைச் செய்துவிடும்.

இனி, சபைக்குள்ளேயே இருக்கும் கோடு. புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், ஒரே நம்பிக்கை, ஒரே பலிபீடம் என்றிருந்தும், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்கும் நிலை வந்தது. 2008 மார்ச் 9 அன்று அது மோதலாக வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். சவம் போகும் பாதைகூடப் பிரச்சினையாக இருந்த ஊர் அது. அப்படிப்பட்ட ஊரில் 'சபையார் சபையாரைத் தாங்கட்டும், யார் வீட்டுக்குப் போவது என்பதை அவரவர் மனசுக்கு விட்டுவிடுவோம்' என்று சொன்னால், அதன் நடைமுறைப் பொருள் என்ன? தன் சாதித் தெருவுக்குப் போ என்பதுதான். வேறு பொருளே கிடையாது. எறையூர் ஒரு விதிவிலக்கு என்பார்கள். மோதல் விதிவிலக்காக இருக்கலாம். தெருக்கள் பிரிந்து கிடப்பது விதிவிலக்கல்ல. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதிக்கான உரிமைகள் இல்லை. அரசின் பட்டியலில் மதத்தால் விடுபட்டவர்கள், சபையின் கரிசனத்தில் சாதியால் விடுபடுகிறார்கள். இந்த இரட்டை விடுபடலைத் தெரிந்துகொண்டே 'மனமுவந்து செய்வதுதான் ஊழியம்' என்று பேசுவதை என்னால் அறியாமை என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. வசதி என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

இதற்கு இரண்டு வசனங்களைக் காட்டி மறுப்பார்கள். வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்பது ஒன்று. அந்தப் போதனை தடுப்பது பறைசாற்றுவதை. நாம் மேடையில் பறைசாற்றுவதைத் தாராளமாகச் செய்துகொண்டு, குறித்து வைப்பதற்கு மட்டும் அந்த வசனத்தைக் குறுக்கே நிறுத்துகிறோம். இன்னொன்று, விசுவாசக் குடும்பத்தாருக்கு விசேஷமாக நன்மை செய்யச் சொல்லும் கலாத்தியர் திருமுகம். ஆனால் அதே வசனம் எல்லாருக்கும் நன்மை செய்யச் சொல்லித்தான் தொடங்குகிறது. நான்காம் நூற்றாண்டில் பழைய தெய்வங்களின் வழிபாட்டை மீட்க முயன்ற பேரரசர் யூலியன், இந்தக் கலிலேயர்கள் தங்கள் ஏழைகளோடு நம்முடைய ஏழைகளையும் அல்லவா தாங்குகிறார்கள் என்று தன் பூசாரி ஒருவருக்கு மனம் புழுங்கி எழுதினார். எதிரியைப் புழுங்க வைத்தது கோட்டைத் தாண்டிய கரிசனம். கிள்ளைக்கு இது புதிதும் அல்ல. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து தீர்த்தவாரிக்கு வரும் பூவராகசாமியைக் கிள்ளைத் தைக்காலில் தர்காவின் சார்பில் இஸ்லாமியர்கள் வரவேற்று மரியாதை செய்கிறார்கள். அடுத்தவர் சாமிக்கே வாசலில் நின்று மரியாதை செய்யத் தெரிந்த மண்ணில், அடுத்த தெருவின் நோயாளியைப் பார்க்கப் போகாததற்கு எந்த வேதத்தையும் துணைக்கு அழைக்க முடியாது.

ஆட்கள் குறைவு, முடிந்ததைச் செய்கிறோம் என்ற பதில்தான் மிக நேர்மையானது. அதை மதிக்கிறேன். ஆனால் ஆட்கள் குறைவாக இருக்கும்போதுதான் எந்த வீட்டுக்கு முதலில் போவது என்ற கேள்வி உயிர்க்கேள்வியாகிறது. கேரளத்தின் மலப்புறத்தில் 2001 அளவில் உருவான அண்டைவீட்டார் வலி நிவாரண வலையமைப்பு இதற்கு வழி காட்டியது. வாரத்தில் இரண்டு மணி நேரமாவது தரச் சம்மதித்த சாதாரண மக்களுக்குப் பயிற்சி கொடுத்து, நர்சுகளோடு இணைத்து, படுக்கையில் கிடப்பவர் யார் யார் என்று அவர்களையே கண்டுபிடிக்க வைத்தார்கள். 2008இல் அந்த மாநிலம் அதை அரசுக் கொள்கையாகவே ஏற்றது. அங்கே தன்னார்வலர் தன்னார்வலராகவே இருக்கிறார். ஆனால் அவர் போக வேண்டிய வீட்டை அவருடைய பழக்கம் தீர்மானிப்பதில்லை. நம் மாநிலத்திலும் 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் வீடு வீடாகப் போகிறது. அந்தப் பணியாளர் மாத்திரை கொடுப்பார், பிரஷர் பார்ப்பார். உட்கார்ந்து பேச அவருக்கு நேரம் கிடையாது. உட்கார்ந்து பேசச் சபையில் ஆள் இருக்கிறது. எந்த வீடு என்று சொல்லத்தான் யாரும் இல்லை.

ஆகவே கேட்பது பெரிய திட்டம் அல்ல. ஒவ்வொரு சபையின் ஆண்டறிக்கையிலும் வரவு செலவுக்கு ஒரு பக்கம் இருக்கிறது; அதைத் தணிக்கை செய்து, ஐந்து ரூபாய்க்கும் கேள்வி கேட்கிறோம். அடுத்த பக்கத்தில், இந்த ஆண்டு ஒருமுறைகூட யாரும் எட்டிப் பார்க்காத வீடுகள் எந்தெந்தத் தெருவில் எத்தனை என்று எழுத வேண்டும். சந்தாப் புத்தகத்தில் அடிபட்ட பெயர்களையும், சபையில் சேராவிட்டாலும் அதே தெருவில் தனித்துக் கிடக்கிறவர்களையும் அதில் சேர்க்க வேண்டும். அவமானம் என்று யாராவது தயங்கினால், பெயர்களை அறிக்கையில் போட வேண்டாம். வின்சென்ட் தே பவுல் சபையின் கூட்டங்களில் யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாமல் பை சுற்றிவருகிறதே, அந்தக் கூச்சத்தை உதவி பெறுகிறவருக்கும் கொடுத்து, பெயரைச் செயலாளரின் நோட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். பட்டியலைத் தயாரிக்கிறவர்கள் மட்டும் விடுபட்ட தெருக்களிலிருந்தே வர வேண்டும். காலனியிலிருந்து ஒருவர், கழிக்கு அப்பாலிருக்கும் குடியிருப்பிலிருந்து ஒருவர், கணவர் இறந்த பிறகு கோயிலுக்கு வருவதை நிறுத்திய பெண்களில் ஒருவர் என்று மூன்று பேர் இருந்தாலே கிள்ளைப் பக்கத்துக் கிளை ஊர் ஒன்றில் வேலையைத் தொடங்கிவிடலாம். யார் எந்த வாரம் எந்த வீட்டுக்குப் போவது என்று முறை வைக்கும் அதிகாரமும் அந்த மூன்று பேரிடமே இருக்க வேண்டும்.